கேள்விப் பெட்டியில் வந்த சீட்டுகள்: கருக்கலைப்பு பற்றி நம் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?

#1 சாக்பீஸ்தூள்
ஞாயிறு, இரவு 9.40

அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். வட மாவட்டம், ஊர்ப் பெயர் வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பில் ‘இனப்பெருக்க நலன்’ என்று ஒரு பாடம் உண்டு. கருத்தடை, பால்வினை நோய்கள், மருத்துவக் கருக்கலைப்பு எல்லாம் அதில்தான். அந்தப் பக்கம் வந்ததும் வகுப்பில் எல்லாத் தலையும் ஒன்றாகக் குனியும். சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டால் மின்விசிறிச் சத்தம்தான் பதில். இந்த வருடம் ஒரு செருப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, பெயர் எழுதாமல் எதையும் கேட்கலாம் என்று சொல்லி ஜன்னல் திண்டில் வைத்தேன். வணிகவியல் பிரிவுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான், அவர்களுக்கு இந்தப் பாடமே கிடையாது.

நான்கு நாளில் டப்பா பாதி நிறைந்துவிட்டது. வெள்ளைப்படுதல், மாதவிடாய் வலி பற்றித்தான் வரும் என்று நினைத்தேன். வந்தது. ஆனால் கருக்கலைப்பு பற்றி இவ்வளவு சீட்டு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சிலவற்றை அப்படியே தருகிறேன்.

“பப்பாளியும் எள்ளும் சாப்பிட்டா கலைஞ்சிடுமா மிஸ்?”

“கல்யாணம் ஆகாதவங்க கலைச்சா ஜெயிலா?”

“ஒரு தடவ கலைச்சா அப்புறம் கொழந்தையே நிக்காதுன்னு எங்க ஆயா சொல்லுது.”

“கோயிலுக்குப் போறப்ப நாள் தள்ளிப்போட மாத்திரை போடுவோம்ல, அதையே நெறைய போட்டா போதுமா?”

“ஸ்கேன் எடுக்கற எடத்துல குற்றம்னு எழுதி ஒட்டி இருக்கு. அப்ப பாடத்துல ஏன் இருக்கு?”

பச்சை மையில் ஒன்று: “கலைச்சிக்கிறவ பாவம் பண்ணவளா மிஸ், இல்ல பாவமா?”

மற்றதுக்கு ஏதோ பதில் தேடிவிடலாம், அந்தக் கடைசிச் சீட்டை எடுத்து நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். மருத்துவம், சட்டம் தெரிந்தவர்கள் இங்கே உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

#2 வைகைக்கரை
ஞாயிறு, இரவு 10.15

டீச்சர், தப்பாக நினைக்காதீர்கள். எனக்கும் பதினாறு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இதை எல்லாம் விலாவாரியாகச் சொல்லிக் கொடுத்தால், ‘சரி, ஏதாவது ஆனால் வழி இருக்கிறது’ என்ற தைரியம் வந்துவிடாதா? எங்கள் காலத்தில் எதுவும் தெரியாது, அந்தப் பயத்திலேயே ஒழுங்காக இருந்தோம்.

#3 லேபர்வார்டு_அக்கா
ஞாயிறு, இரவு 11.05

வைகைக்கரை அண்ணா, உங்கள் காலத்தில் யாரும் வரவில்லை என்றா நினைக்கிறீர்கள்? நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த சீனியர் சிஸ்டர்கள் எருக்கங்குச்சிக் கதைகளாகச் சொல்வார்கள். மருத்துவச்சி குச்சி வைத்து, சீழ் பிடித்து, காய்ச்சலோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கிய பெண்கள். பயம் அவர்களைத் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருவதைத்தான் தள்ளிப்போட்டது.

தாலுகா அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. பதின்வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றுதான், தாமதம். நாள் தள்ளிப்போனதை அந்தப் பெண் தன்னிடமே ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆகிறது. அம்மாவிடம் சொல்ல இன்னொன்று. அப்பாவுக்குத் தெரியாமல் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று பேசிப் பேசியே அடுத்த மாதமும் போய்விடும். அதோடு கணக்கும் தவறு. நாங்கள் வாரத்தை எண்ணுவது கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. மாதம் தவறாமல் வருகிற பெண்ணுக்கு ஒரு வாரம் தள்ளிப்போனாலே எங்கள் கணக்கில் ஐந்து வாரம். பிள்ளைகளோ உறவு நடந்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

ஒரு பிள்ளையை மறக்க முடியவில்லை. இரட்டைப் பின்னல், எண்ணெய் வழிய வாரிய தலை, ஸ்கூல் பையில் அறிவியல் நோட்டு. வயிற்றுவலி என்று சீட்டு போட்டிருந்தார்கள். யாரோ வாங்கிக் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டுப் பதினொரு நாளாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. முழுதாகக் கலையவில்லை, உள்ளே மிச்சம் நின்றுவிட்டது. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள். ஹீமோகுளோபின் ஐந்து. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினோம். கண் விழித்ததும் அவள் கேட்டது: “அக்கா, நாளைக்கு ரிவிஷன் டெஸ்ட் இருக்கு, போயிடலாமா?”

சீட்டுகளுக்கு வருகிறேன். பழுத்த பப்பாளி சாப்பிட்டால் கரு கலையாது. பச்சைப் பப்பாளிப் பால் பற்றி எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள், அதை நம்பி உட்கார்ந்தால் நாள்தான் வீணாகும். எள்ளும் அப்படித்தான், உருண்டை பிடித்துச் சாப்பிட நன்றாக இருக்கும். ஒருமுறை கலைத்தால் அப்புறம் குழந்தை நிற்காது என்பது, முறையாக மருத்துவமனையில் செய்த கலைப்புக்குப் பொருந்தாது. ஆனால் ஆயா சும்மா சொல்லவில்லை. அவர் பார்த்தது குச்சி வைத்தவர்களை. கிருமி ஏறிக் கருக்குழாய் அடைத்துப்போனவர்களுக்கு நிஜமாகவே நின்றிருக்காது.

#4 சிட்டை
திங்கள், காலை 6.50

மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்த நாள் தள்ளிப்போடும் மாத்திரைச் சீட்டைப் படித்ததும் சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. இந்தக் குழப்பத்தைக் கவுன்ட்டரில் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

கோயில் திருவிழா, கல்யாணம் என்றால் நாள் தள்ளிப்போட வாங்குகிறார்களே, அது வெறும் ஹார்மோன் மாத்திரை. கருவைக் கலைக்காது. இதே வகையில் ஒன்றை, நாள் வராதவர்களுக்கு வரவைக்க டாக்டர்கள் ஐந்து நாளைக்கு எழுதுவார்கள். அதை வைத்துத்தான் ‘ஐந்து நாள் மாத்திரை போட்டால் கலைந்துவிடும்’ என்ற கதை கிளம்பியது. கரு இருந்தால் அந்த மாத்திரைக்கு ரத்தம் வரவே வராது. வரும் வரும் என்று காத்திருந்து இன்னும் பதினைந்து நாள் போகும்.

அவசரக் கருத்தடை மாத்திரை வேறு. உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். கரு தங்கிய பிறகு அதனால் பயன் இல்லை, அது கலைக்காது. பிள்ளைகள் மட்டுமல்ல, பட்டம் வாங்கியவர்களும் இதைக் கலைக்கும் மாத்திரை என்றுதான் சொல்கிறார்கள்.

கலைக்கும் மாத்திரை என்பது மைஃபிப்ரிஸ்டோன், மைசோப்ரோஸ்டால் இரண்டும் சேர்ந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதுவும் ஒன்பது வாரம் வரைதான். ஸ்கேன் பார்க்காமல் போட்டு, கரு கர்ப்பப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைத் தொடாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். அவசரக் கருத்தடை மாத்திரையைச் சீட்டு இல்லாமலே விற்கலாம், தடை என்று எழுத்தில் எதுவும் இல்லை. இருந்தும் தமிழ்நாட்டில் பாதிக் கடைகளுக்கு மேல் வைப்பதில்லை. நானும் பல வருடம் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், ‘எதுக்கு வம்பு’. அதைத் தாண்டி என்னிடம் காரணம் இல்லை.

#5 கறுப்புக்கோட்டு
திங்கள், காலை 8.30

சட்டப் பக்கம் நான் சொல்கிறேன். முதலில் ஸ்கேன் சென்டர் போர்டு. அது 1994-ம் வருடச் சட்டம், கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும்தான் அதில் குற்றம். உசிலம்பட்டிப் பெண் சிசுக்கொலைகளும் சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் நினைவில் இருக்கிற நம் மாநிலத்துக்கு அந்தப் போர்டு ஏன் தேவைப்பட்டது என்று விளக்க வேண்டாம். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து, கருக்கலைப்பே குற்றம் என்று ஒரு தலைமுறை முடிவு கட்டிவிட்டது. கல்லூரிகளில் சட்ட விழிப்புணர்வு என்று பேசப் போனால் கை தூக்கச் சொல்வேன். பாதிக்கு மேல் ‘சட்டவிரோதம்’ பக்கம்தான்.

உண்மையில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது, 1972 ஏப்ரலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. 2021-ல் திருத்தினார்கள். இப்போது 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள், அதுவும் குறிப்பிட்ட சில பிரிவினருக்கு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களும் 18 வயது நிரம்பாதவர்களும் அந்தப் பிரிவில் உண்டு. அதற்கு மேல் என்றால் கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொல்ல வேண்டும், அல்லது தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டிய நிலை இருக்க வேண்டும். மற்றவர்கள் நீதிமன்றப் படி ஏறத்தான் வேண்டியிருக்கிறது. கேட்டதும் கிடைக்கிற உரிமை என்று இதை எழுதி வைக்கவில்லை, மருத்துவர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்.

கல்யாணம் ஆகாதவர்களுக்கு ஜெயில் கிடையாது. பழைய சட்டத்தில் கருத்தடை தோற்றுப்போனால் என்ற இடத்தில் ‘மணமான பெண், அவள் கணவன்’ என்று இருந்தது. 2021-ல் அதை ‘பெண், அவள் துணை’ என்று மாற்றினார்கள். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரச் சலுகையில் மணமாகாதவர்களை விலக்கிவைக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

18 நிரம்பியவள் என்றால் அவள் கையெழுத்து மட்டும் போதும். நிரம்பாதவள் என்றால் பாதுகாவலரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும். கூடவே போக்சோ, அதாவது சிறார் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம் வரும். 18-க்குக் கீழே சம்மதத்தோடு நடந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது குற்றம், தெரிந்தவர் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. அரசு மருத்துவமனைக்குப் போனால் கேஸ் ஆகும் என்று குடும்பங்கள் ஓடுவது இதனால்தான். இதையும் அதே 2022 தீர்ப்பு கவனித்தது. அந்தச் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை. இது பல மருத்துவமனைகளுக்கே தெரியவில்லை.

#6 ரெண்டாம்_வருஷம்
திங்கள், மதியம் 1.20

அக்கா, டீச்சர் எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 19, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். என்ன நினைக்கிறார்கள் என்று டீச்சர் கேட்டதால் எழுதுகிறேன்.

போன வருடம் வேறு பிளாக்கில் ஒரு அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தது. “கலைச்சிட்டு வந்திருக்கா” என்று. உண்மையா என்றுகூடத் தெரியாது. நானும் சேர்ந்துதான் பேசினேன். “இதெல்லாம் ஒரு பொண்ணா” என்று சொன்னதில் என் குரலும் இருந்தது. மெஸ்ஸில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும்.

ஆறு மாதம் கழித்து என் ரூம்மேட். ராத்திரி இரண்டு மணிக்கு என்னை எழுப்பிச் சொன்னாள். அந்த நிமிடம் எனக்குப் பாவம், ஒழுக்கம் எதுவுமே தோன்றவில்லை. பணம் எவ்வளவு ஆகும் என்று மட்டும்தான் தோன்றியது. நாங்கள் நான்கு பேர் சேர்த்தோம், ஒருத்தி கொலுசை அடகு வைத்தாள். போன இடம் ஒரு தனியார் கிளினிக். ‘ஹஸ்பண்ட் கையெழுத்து இல்லாமல் முடியாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து, கோயில் வாசல் கடையில் மஞ்சள் கயிறு வாங்கி, பஸ் ஸ்டாண்டு பாத்ரூமில் நின்று நான்தான் அவள் கழுத்தில் கட்டினேன். அடுத்த கிளினிக்கில் அந்தக் கயிறைப் பார்த்ததும் ஒன்றுமே கேட்கவில்லை. கணவர் வெளிநாட்டில் என்று சொன்னோம்.

அரசு மருத்துவமனையில் இலவசம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் 19. கையெழுத்து தேவையே இல்லை என்று நேற்று வரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பிளாக் அக்காவிடம் இன்னும் நான் பேசவில்லை.

#7 கறுப்புக்கோட்டு
திங்கள், மதியம் 1.45

ரெண்டாம் வருஷம், ‘ஹஸ்பண்ட் கையெழுத்து’ சட்டத்தில் இல்லவே இல்லை, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கல்யாணம் ஆன பெண்ணுக்கும் கணவன் சம்மதம் தேவையில்லை. அதோடு, வந்தவர் பெயரை வெளியில் சொன்னால் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்த கதை எனக்கு இது மூன்றாவது.

#8 பனங்கொட்டை
திங்கள், மாலை 5.10

யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் சட்டம் நேரெதிர். 1883-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டம்தான் இண்டைக்கும். தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும் அனுமதி. வன்புணர்வு, கருவில் குறைபாடு எதுவும் கணக்கில்லை. 1995-ல் திருத்தம் ஒன்று நாடாளுமன்றத்துக்கு வந்து, எதிர்ப்பில் திரும்பப் போனது. பிள்ளையளுக்கு ‘சட்டவிரோதம்’ எண்டது தெரியும், அது சரியும்தான். ஆனால் கலைத்த பிறகு ரத்தப்போக்கு என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் வைத்தியம் செய்யத்தான் செய்வார்கள் என்பது தெரியாது. அந்தப் பயத்தில் வீட்டிலேயே கிடந்து மோசமாகிறவையும் உண்டு.

சிட்டை அண்ணை சொன்னதை வாசிக்க விசித்திரமாக இருந்தது. அவசரக் கருத்தடைக் குளிசையை இங்கே பாமசியில் சும்மா கேட்டு வாங்கலாம், ஒருவரும் முகத்தைத் திருப்பமாட்டினம். கலைக்கத்தான் வழி இல்லை. உங்கட ஊரில் கலைக்கச் சட்டம் விடுகிறது, கலைக்கத் தேவையில்லாமல் ஆக்கும் குளிசை கடையில் இல்லை. இரண்டு அரைகுறையையும் ஒட்டினால் ஒரு முழுசு வரும்.

இன்னொன்று. சாமத்தியவீட்டுக்கு மண்டபம் பிடித்து, ஊரையே கூப்பிட்டு, வீடியோ எடுத்துக் கொண்டாடுகிறம். பிள்ளை பெரியவளானது ஊருக்கே தெரியும். பெரியவளானால் உடம்பில் என்ன நடக்கும் எண்டதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லமாட்டம்.

#9 சாக்பீஸ்தூள்
திங்கள், மாலை 6.00

பனங்கொட்டை, இங்கே மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ் பேனர் எங்கள் பள்ளி காம்பவுண்டிலேயே கட்டுவார்கள். என் மாணவியின் படத்தையே தாண்டிக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன்.

#10 தாமிரபரணி_எஸ்
திங்கள், இரவு 8.25

நான் இதில் மற்றவர்களோடு ஒத்துப்போகாதவள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவில் இருப்பது உயிர், அதை எடுப்பது பாவம் என்பது என் விசுவாசம். எங்கள் சபையில் வாலிபப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன், அங்கேயும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் ‘ஒருமுறை கலைத்தால் மலடி’ என்று பயமுறுத்துவதை நிறுத்திவிட்டேன். முன்பு நானே சொல்லியிருக்கிறேன். ஒரு பிள்ளை எழுந்து, “எங்க பெரியம்மாவுக்குக் கலைச்ச பிறகு மூணு பிள்ளை, அப்ப நீங்க சொல்ற மத்ததும் இப்படித்தானா?” என்று கேட்டாள். என் விசுவாசத்துக்குப் பொய் துணை வேண்டாம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இதையும் பார்த்தேன். ‘கருக்கலைப்பு சரியா’ என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் ஒரே குரலில் தப்பு என்பார்கள். ‘பலாத்காரம் நடந்த பதிமூன்று வயதுப் பிள்ளை என்றால்?’ என்றால் பாதிப் பேர் சும்மா இருப்பார்கள். ‘உன் அக்கா என்றால்?’ என்று கேட்டால், “அக்காகிட்ட கேக்கணும்” என்றான் ஒரு பையன். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

#11 லேத்துமிஷின்
திங்கள், இரவு 9.50

ஐடிஐ முடித்து அப்ரன்டிஸ் போகிறேன், வயது 18. பையன்கள் யாரும் எழுதாததால் எழுதுகிறேன். எங்களுக்கு இந்தப் பாடம் எல்லாம் யாரும் எடுத்ததில்லை. பசங்க மத்தியில் பேச்சு எப்படி என்றால், “ஏதாவது ஆச்சுன்னா மாத்திரை வாங்கிக் குடுத்துட்டா முடிஞ்சது மச்சி”. அவ்வளவுதான். எந்த மாத்திரை, எத்தனை வாரம், ரத்தம் நிற்காவிட்டால் என்ன என்று ஒருத்தனுக்கும் தெரியாது. வாங்கிக் கொடுத்ததும் அவன் கடமை முடிந்த மாதிரி. நர்ஸ் அக்கா சொன்ன அந்தப் பொண்ணுக்கு வாங்கிக் கொடுத்தவன் என் செட்டு பையன் மாதிரிதான் இருப்பான். படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு கேள்வி. பையனுக்கு 18, பொண்ணுக்கு 17 என்றால் பையன் மேல் கேஸா?

#12 கறுப்புக்கோட்டு
திங்கள், இரவு 10.05

ஆமாம் தம்பி, போக்சோ. காதல் என்ற வாதம் சட்டத்தில் இல்லை. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் விஷயத்தில் சட்டத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்று யோசனை சொன்னது. சட்டம் மாறவில்லை. வழக்கு, ஜாமீன், கோர்ட்டுக்கு அலைச்சல் என்று வருடங்கள் போகும். இதையும் உன் செட்டில் சொல்.

#13 லேபர்வார்டு_அக்கா
திங்கள், இரவு 10.40

லேத்துமிஷின் தம்பி, நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மாத்திரை போட்டவளுக்கு இரண்டு மணி நேரம் தொடர்ந்து, மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுக்க நனைந்தால், அல்லது காய்ச்சல், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், மயக்கம், தோள்பட்டை வலி இருந்தால் ஒரு நிமிடம் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. 108-ஐக் கூப்பிடு. என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லச் சொல். திட்டு விழும், எங்களில் சிலர் வாய் அப்படி. வாங்கிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

வாய் என்றதும் நினைவு வருகிறது. எங்கள் வார்டிலேயே, “செய்யறப்ப இனிச்சுதா?” என்று ஒரு பிள்ளையைக் கேட்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். மருத்துவம் இலவசமாகக் கிடைக்கிற இடத்துக்குப் பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அப்புறம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம்.

#14 மட்டுறுத்துநர்
திங்கள், இரவு 11.00

மாத்திரை அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். அதை டாக்டரிடம் மட்டும் கேளுங்கள். மருத்துவமனை, பள்ளி, ஆட்களின் பெயர் எழுத வேண்டாம்.

#15 எண்ணிப்பார்
செவ்வாய், காலை 7.15

எண்ணிக்கை கேட்பவர்களுக்காக ஒன்று. 2015-ல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டு, 2018-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. ஆறு மாநிலங்களில் தகவல் திரட்டினார்கள், அதில் தமிழ்நாடும் ஒன்று. அந்த 1.56 கோடியில் 73 சதவீதம் மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. மருத்துவமனையில் நடந்தது கால் பங்குக்கும் குறைவு. இது எல்லா வயதுக்கும் சேர்த்து. சட்டம் வந்து நாற்பது வருடம் தாண்டிய பிறகும் மருந்துக்கடைக் கவுன்ட்டர்தான் இந்த நாட்டின் பெரிய கருக்கலைப்பு மையம் என்று நான் இதைப் படிக்கிறேன். சிட்டை அண்ணாச்சி கோபப்படக் கூடாது.

#16 சிட்டை
செவ்வாய், காலை 7.40

கோபம் இல்லை. கடையில் சீட்டு கேட்டால், “பக்கத்துத் தெருவுல கேக்காமயே தர்றாங்க” என்று போய்விடுகிறார்கள்.

#17 சாக்பீஸ்தூள்
செவ்வாய், இரவு 9.10

ஒரு சீட்டை முதல் பதிவில் சொல்லாமல் விட்டேன். “எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு ரெண்டு மாசமா வரல. யார்ட்ட சொல்லணும் மிஸ்?” இரண்டு நாளாக என் தூக்கம் போனது இதனால்தான். ‘தெரிஞ்ச ஒருத்தி’ யார் என்று தேடக் கூடாது, தேடாமலும் இருக்க முடியவில்லை. வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன் என்று ஒத்துக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது. கறுப்புக்கோட்டு சார், நான் போலீஸுக்குச் சொல்லாமல் இருந்தால் நானும் குற்றவாளியா?

#18 கறுப்புக்கோட்டு
செவ்வாய், இரவு 9.35

பெயர் இல்லாத, ஆள் தெரியாத சீட்டை வைத்து யார் மேல் புகார் கொடுப்பீர்கள்? அதோடு நாள் வராததற்கு வேறு நூறு காரணம் இருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை வந்து நேரில் சொல்லிவிட்டால் நிலைமை வேறு, நீங்கள் தகவல் தரக் கடமைப்பட்டவர். அதை அவள் வாய் திறப்பதற்கு முன்பே வகுப்பில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நம்பிச் சொன்ன பிறகு போலீஸ் வந்தால், அடுத்த வருடம் உங்கள் பெட்டி காலியாகத்தான் இருக்கும்.

#19 லேபர்வார்டு_அக்கா
செவ்வாய், இரவு 9.50

டீச்சர், ஆளைத் தேடாதீர்கள். எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். இந்த வயதில் நீர்க்கட்டி, தைராய்டு, ரத்தசோகை, பரீட்சை டென்ஷன் எதனாலும் இரண்டு மாதம் வராமல் போகும். சந்தேகம் இருந்தால் முதலில் சிறுநீர்ச் சோதனை, கிராம சுகாதார செவிலியரிடமே அட்டை இருக்கும். குழந்தைகள் உதவி எண் 1098, சுகாதார உதவி எண் 104 இரண்டையும் போர்டில் எழுதி, அழிக்காமல் விட்டுவிடுங்கள். லேபில் ஐந்து மணி வரை இருப்பேன் என்று சொல்லுங்கள், இருங்கள்.

#20 வைகைக்கரை
புதன், இரவு 10.20

இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் மகளிடம் பேச்சை எடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “பாப்பா, கருக்கலைப்புன்னா என்னன்னு உனக்குத் தெரியுமா?” என்று நேராகவே கேட்டுவிட்டேன். தட்டு கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பி, “யாருக்குப்பா ஆச்சு?” என்றாள். பயந்துபோய்க் கேட்டாள். இந்தப் பேச்சை எடுத்தாலே யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்றுதான் வீட்டில் அர்த்தம் போல.

அப்புறம் பேசினோம். அவளும் ஸ்கேன் சென்டர் போர்டைத்தான் சொன்னாள். சட்டப்படி குற்றம் என்றாள். அவள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்களாம். கறுப்புக்கோட்டு சார் எழுதியதைப் படித்துக் காட்டினேன். கடைசியில் நான் ஒன்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ. “உன் ஃபிரண்டு யாருக்காவது இப்படி ஆனா, அவ வீட்டுல சொல்லலாம்ல?” யோசிக்காமல் பதில் வந்தது. “அப்பாகிட்ட யாரும் சொல்ல மாட்டாங்கப்பா. நானா இருந்தா சித்திகிட்டதான் சொல்லுவேன்.”

சேர்த்த நாளிலிருந்து நான்தான் அவளை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வருகிறேன். சரி, விடுங்கள். சட்டம் தெரிந்த சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். பாதுகாவலர் என்றால் அப்பா அம்மா மட்டும்தானா? சித்தி கூட்டிக்கொண்டு போனால் கையெழுத்துப் போடலாமா?

#21 கறுப்புக்கோட்டு
புதன், இரவு 10.45

அந்தச் சட்டம் பாதுகாவலர் என்று சொல்வது, பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவரை. தாய் தகப்பன் என்று மட்டும் போடவில்லை. பாட்டி வீட்டில் வளர்கிற பிள்ளைக்குப் பாட்டி போடலாம். உங்கள் மகள் உங்களோடு இருக்கும்போது சித்தி போனால், மருத்துவமனை உங்களைத்தான் கேட்கும். ஆனால் சித்தி கூட இருந்தால் உங்களிடம் வந்து சேர்கிற நேரம் குறையும். நர்ஸ் அம்மா சொன்ன மூன்று மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

#22 சாக்பீஸ்தூள்
வியாழன், இரவு 8.30

லேபில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் யாரும் வரவில்லை. இன்று வந்தார்கள், இரண்டு பேராக. முன்கூட்டியே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். செவிலியரிடம் கூட்டிப் போனேன், சோதனையில் ஒன்றும் இல்லை. ரத்தசோகைக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

தலைமையாசிரியை, வணிகவியல் பிரிவுக்கும் ஒரு மணி நேரம் எடுக்க அனுமதி கொடுத்துவிட்டார். சுற்றறிக்கையில் நான் எழுதியிருந்த ‘கருக்கலைப்பு’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு, ‘வளரிளம் பருவ சுகாதாரம்’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். போகட்டும், போர்டில் நான்தானே எழுதப் போகிறேன்.

பச்சை மைச் சீட்டு இன்னும் நோட்டுக்குள் இருக்கிறது. தாமிரபரணி, ரெண்டாம் வருஷம் இரண்டு பேர் எழுதியதையும் பெயரில்லாமல் வகுப்பில் படித்துக் காட்டலாமா?

#23 ரெண்டாம்_வருஷம்
வியாழன், இரவு 9.00

படியுங்கள் டீச்சர். மஞ்சள் கயிறு வரைக்கும் படியுங்கள்.

#24 தாமிரபரணி_எஸ்
வியாழன், இரவு 9.20

படியுங்கள். நான் பாவம் என்று சொன்னதையும் விடாமல் படியுங்கள்.

#25 வைகைக்கரை
வியாழன், இரவு 10.10

மைத்துனியிடம் பேசிவிட்டேன். எடுத்த எடுப்பில் அவளும், “ஐயோ மாமா, யாருக்கு என்ன ஆச்சு?” என்றுதான் கேட்டாள்.